கால்வேக்குக் குடிபோகிறீர்களா? மழையைவிட வீட்டுச் சுவரில் ஏறும் ஓதத்தைக் கவனியுங்கள்

கேள்வி: நவம்பரில் அயர்லாந்தின் கால்வே நகரத்தில் நர்ஸ் வேலையில் சேர்கிறேன். கணவரும் நான்கு வயது மகனும் ஜனவரியில் வருவார்கள். வருஷம் முழுக்க மழை, எலும்பை உருக்கும் குளிர் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். இங்கிருந்து என்ன துணி வாங்கிப் போவது? வாடகை வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
- திருச்சி வாசகி

பதில்: கால்வேப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை. சென்னையில் இதைவிட அதிகம், ஏறக்குறைய 1,400. ஆனால் சென்னை மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மேற்கு அயர்லாந்தில் கிட்டத்தட்ட அதே தண்ணீர் 200 நாட்களுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. குற்றாலச் சாரல் வருஷம் பூராவும் நீடித்து, கூடவே கடல்காற்றும் அடித்தால் எப்படியோ, அப்படி.

அந்தக் காற்றுதான் குடையைப் பிரட்டிப் போடும். குடையை நம்பாதீர்கள். தொப்பி வைத்த, தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் ஷூவும்தான் அங்கே உதவும். அவற்றை அங்கே போய் வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் ஃபாரின் குளிருக்கு என்று விற்கும் கனத்த கம்பளிக் கோட்டு நனைந்தால் காயவே காயாது. குளிர்கூட நீங்கள் நினைக்கிற அளவு கடுமையில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டமும் தென்மேற்குக் காற்றும் காப்பதால் ஜனவரியில் பகலில் 8 டிகிரி, இரவில் 2, 3 டிகிரி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஸ்னோ விழுவது அபூர்வம். தெர்மல் உள்ளாடை இரண்டு மூன்று செட் போதும். குழந்தைக்கு முழு ரெயின் சூட்டும் ரப்பர் பூட்ஸும் அவசியம். தூறல் என்பதற்காக அங்கே பிள்ளைகளை உள்ளேயே அடைத்து வைப்பதில்லை.

டிசம்பர் பின்பாதியில் காலை எட்டே முக்காலுக்கு மேல்தான் விடியும். சாயங்காலம் நாலரைக்குள் சூரியன் இறங்கிவிடும். நம் நிறத்தவர்களுக்கு விட்டமின் டி குறைவது சகஜம். போனதும் மூவருக்கும் எவ்வளவு வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வீட்டுக்குள் சேரும் ஈரத்தைப் பற்றித்தான். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு குக்கர் வைப்போம், இட்லி ஊற்றுவோம், துவைத்த துணியை ரேடியேட்டர் என்ற சுவர் ஹீட்டர் மேல் விரிப்போம். ஒரு மெஷின் துணியிலிருந்தே ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். அது குளிர்ந்த சுவரில் முத்து முத்தாகப் படியும். சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். சின்னக் குழந்தைக்கு வீசிங் வர இது போதும். ஆகவே வீடு பார்க்கப் போனால் கட்டிலையும் பீரோவையும் கொஞ்சம் நகர்த்திச் சுவரின் மூலையைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். புது பெயின்ட் வாசனை ஒரே ஒரு சுவரில் மட்டும் அடித்தால் ஏன் என்று கேளுங்கள். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள். பி.இ.ஆர். என்ற, வீட்டின் எரிசக்திச் சிக்கனத் தரச்சான்று ஏ (சிறந்தது) முதல் ஜி வரை இருக்கும்; வாடகை கொஞ்சம் கூடினாலும் சி-க்குக் கீழே போகாதீர்கள், ஹீட்டிங் பில்லில் அந்தப் பணம் திரும்பிவிடும். குடிபோனபின் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபையர் ஒன்று வாங்கிவிடுங்கள். தினமும் பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பழைய வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியை ‘ஹாட் பிரஸ்’ என்பார்கள். துணி உலர்த்த நல்ல இடம், இட்லி மாவு புளிக்கவும் அதுதான் இடம்.

பருவநிலையும் மாறிக்கொண்டு வருகிறது. 1961-1990 சராசரியோடு ஒப்பிட்டால் 1991-2020-இல் அயர்லாந்தின் வெப்பம் சுமார் 0.7 டிகிரியும் மழை ஏறக்குறைய 7 சதவீதமும் கூடியிருக்கின்றன. சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமப்பதால் பெய்யும்போது வலுத்துப் பெய்கிறது. 2022 ஜூலையில் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் 33 டிகிரி பதிவானது. மறு வருஷ ஜூலையோ அந்நாட்டின் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த ஜூலை. வெயிலுக்காக ஏசி தேவையில்லை, ஒரு டேபிள் ஃபேன் போதும். வெள்ளம்தான் கவனிக்க வேண்டியது. கால்வேயின் கடலோர சால்ட்ஹில்லிலும் ஆற்றோர ஸ்பானிஷ் ஆர்ச் பக்கமும் புயலோடு கடல் ஏற்றம் சேர்ந்தால் தெருவில் தண்ணீர் ஏறும். தெற்கே கோர்ட் (Gort) என்ற ஊரின் வட்டாரத்தில் பல இடங்களில் ஆறு கண்ணில் படாது. ஆனால் சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து நிலத்தடி நீர் எழும்பி, வாரக்கணக்கில் வயலும் ரோடும் முழுகிக் கிடக்கும். அரசின் வெள்ள அபாய வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அட்வான்ஸ் கொடுக்குமுன் முகவரியைப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரரின் இன்ஷூரன்ஸ் உங்கள் சாமான்களுக்குப் பொருந்தாது, தனியாக எடுக்க வேண்டும்.

புயல் எச்சரிக்கையை வானிலைத் துறையான மெட் ஏரன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வெளியிடும். சிவப்பு என்றால் டியூட்டி இருந்தாலும் கிளம்பாமல் முதலில் வார்டுக்குப் போன் செய்து கேளுங்கள். 2025 ஜனவரி 24 அன்று ‘ஏயோவின்’ என்ற புயலில் கால்வே மாவட்டத்தின் மேஸ் ஹெட்டில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டியது. நாடு முழுக்க ஏழு லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் கரன்ட் போனது. சில கிராமங்களில் அது திரும்பி வர வாரங்கள் ஆயின. பல இடங்களில் குடிதண்ணீரும் நின்றது. அங்கே பல வீடுகளில் அடுப்பும் ஹீட்டரும் கரன்டில்தான் ஓடும். டார்ச், பவர் பேங்க், இரண்டு நாளைக்குக் குடிதண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடியது கொஞ்சம், மூவருக்கும் கனமான போர்வை: இவற்றை அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள்.