சிங்கப்பூரில் வேலை செய்யும் அமெரிக்கக் குடிமகன், மனைவிக்கு இமிக்ரண்ட் விசா (நிரந்தரமாகக் குடியேறும் விசா) எடுக்க முதலில் தனியாக அமெரிக்கா திரும்ப வேண்டுமா?

வேண்டாம். தனியாக முன்னால் போகாதீர்கள். முதல் வரியிலேயே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யாரோ சொன்னார்கள் என்று இப்படிக் கிளம்பிப் போய், மாதக்கணக்கில் பிரிந்து இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

உங்கள் நிலைமை நான் புரிந்துகொண்டபடி இதுதான். நீங்கள் அமெரிக்கக் குடிமகன், சிங்கப்பூரில் எம்ப்ளாய்மெண்ட் பாஸில், அதாவது வேலை அனுமதியில் இருக்கிறீர்கள். மனைவி இந்தியப் பாஸ்போர்ட், உங்கள் வேலையைச் சார்ந்து கிடைக்கும் டிபெண்டண்ட் பாஸில் உங்களோடு இருக்கிறார். இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் அமெரிக்காவுக்கே போய்விடலாம் என்று யோசனை, மனு வேலையை எப்போது தொடங்குவது என்றும் கேட்கிறீர்கள். நண்பர்களோ நீங்கள் முதலில் போய் வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து மனு போட வேண்டும் என்கிறார்கள்.

நானும் கிட்டத்தட்ட இதே இடத்தில் இருந்தவள். என் பாஸ்போர்ட் அமெரிக்கா, வேலை சிங்கப்பூரில், கணவர் இந்தியக் குடிமகன், என் பாஸை நம்பித்தான் அவருடைய டிபெண்டண்ட் பாஸ். அங்கிருந்தே மனு போட்டோம், அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்திலேயே அவருக்கு நேர்காணல் முடிந்தது, இரண்டு பேரும் ஒரே விமானத்தில் டெக்சாஸ் வந்து இறங்கினோம்.

நீங்கள் முன்னால் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேலையை விட்டால் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் ரத்தாகும், அதோடு சேர்ந்து மனைவியின் டிபெண்டண்ட் பாஸும் போய்விடும். அவர் இந்தியா திரும்ப வேண்டியிருக்கும். இமிக்ரண்ட் விசா நேர்காணல் விண்ணப்பதாரர் வசிக்கும் நாட்டில் அல்லது அவர் குடியுரிமை பெற்ற நாட்டில்தான் என்று 2025 நவம்பர் 1 முதல் விதி இறுகிவிட்டது. ஆக சிங்கப்பூரில் முடிய வேண்டியது மும்பைக்கு மாறும், நடுவில் நீங்கள் ஒரு கண்டத்தில், அவர் ஒரு கண்டத்தில். இத்தனைக்கும் சட்டம் அப்படிக் கேட்கவே இல்லை.

மனைவிக்காக நீங்கள் போடும் மனு என்பது ஐ-130 படிவம். இதை அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் இணையதளத்தில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் போடலாம். 2024 ஏப்ரல் 1 முதல் இணையத்தில் போட்டால் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675. வெளிநாட்டில் இருப்பவர்கள் இணையத்திலேயே போடுவது நல்லது, கடிதம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தவிக்க வேண்டாம், எல்லா நோட்டீஸும் கணக்கிலேயே தெரியும். மனைவிக்காக ஐ-130ஏ என்று இன்னொரு படிவம் உண்டு, அதையும் கூடவே வைக்க வேண்டும். படிவத்தில் ஒரு இடத்தில் மனைவி வெளிநாட்டுத் தூதரகத்தில் விசா வாங்கப் போகிறாரா, அமெரிக்காவுக்குள் இருந்தபடி நிலையை மாற்றப் போகிறாரா என்று கேட்பார்கள். நீங்கள் தூதரகம், சிங்கப்பூர் என்று மட்டும் எழுதுங்கள். இரண்டையும் நிரப்பிவைத்தால் கோப்பு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும்.

சிலர் நேரே தூதரகத்திலேயே ஐ-130 கொடுக்கலாம், சீக்கிரம் முடியும் என்பார்கள். முன்பு பல நாடுகளில் யூஎஸ்சிஐஎஸ் கிளைகள் இருந்தபோது அது வழக்கம்தான். 2020 பிப்ரவரிக்குப் பிறகு தூதரகம் அப்படி வாங்குவது விதிவிலக்கான சூழலில் மட்டும்: அவசர மருத்துவம், உயிருக்கு அச்சுறுத்தல், அல்லது அமெரிக்காவில் வேலைக்கு வரச் சொல்லி மிகக் குறுகிய அவகாசத்தில் உத்தரவு வந்திருப்பது போன்றவை. உங்கள் நிறுவனம் திடீரென்று அமெரிக்கக் கிளைக்கு மாற்றினால், சேர வேண்டிய தேதி போட்ட கடிதத்தோடு தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள், முடிவு அவர்கள் கையில். அப்படி எதுவும் இல்லையென்றால் சாதாரண வழிதான், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணம் உண்மையானது என்று காட்டுவதில் உங்களுக்குக் கஷ்டம் இருக்காது. ஒரே வீட்டில் வாழ்கிறீர்கள் என்பதே பெரிய பலம். டிபெண்டண்ட் பாஸ், இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், சேர்ந்த வங்கிக் கணக்கு, காப்பீட்டில் நாமினி, இவை போதும். கல்யாண ஆல்பம் முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் திருமணம் நடந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ் கட்டாயம் வேண்டும், கோயில் ரசீதும் மண்டப ரசீதும் செல்லாது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்களின் கோப்பு நிற்பது ஐ-130 இடத்தில் இல்லை, அதற்கு அடுத்த கட்டத்தில்தான். மனு அங்கீகரிக்கப்பட்டதும் கோப்பு நேஷனல் விசா சென்டருக்கு, அதாவது நேர்காணலுக்கு முன் கட்டணமும் ஆவணங்களும் வாங்கும் அமெரிக்க அரசு அலுவலகத்துக்குப் போகும். அங்கே விசா கட்டணம் 325 டாலர், ஸ்பான்சர் படிவத்துக்கு 120 டாலர் கட்டி, மனைவி டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும், நீங்கள் மனைவியின் செலவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் படிவமான ஐ-864 நிரப்ப வேண்டும். இந்த ஐ-864 கையெழுத்துப் போடுபவர் அமெரிக்காவில் டொமிசைல் உள்ளவராக இருக்க வேண்டும், அதாவது அவருடைய நிலையான வசிப்பிடம் அமெரிக்கா என்று இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வீடு, சிங்கப்பூரில் சம்பளம் என்று இருக்கும் நீங்கள் எப்படி அதைக் காட்டுவீர்கள்? உங்கள் நண்பர்கள் "முதலில் போ" என்று சொல்வது இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் விதி இன்னொரு வழியும் கொடுக்கிறது. மனைவி அமெரிக்காவுக்குள் நுழையும் நாளுக்குள், அல்லது அவரோடு சேர்ந்தே, நீங்களும் அங்கே குடியேறப் போகிறீர்கள் என்று நம்பும்படியாகக் காட்டினால் போதும்.

நம்பும்படியாக என்பதுதான் இதில் முக்கியம். "திரும்பிவர உத்தேசம்" என்று ஒரு கடிதம் எழுதி அப்லோட் செய்தால் நம்ப மாட்டார்கள், ஏன் நம்ப வேண்டும்? நாங்கள் கொடுத்தவை: என் அண்ணன் தன் வீட்டில் எங்களைத் தங்கவைப்பதாக எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், அவர் வீட்டு மின்கட்டண ரசீது, நான் மூடாமல் வைத்திருந்த அமெரிக்க வங்கிக் கணக்கின் அறிக்கை, டிரைவிங் லைசென்ஸ், வெளிநாட்டிலிருந்து தபால் ஓட்டுக்குப் பதிவு செய்த ஆதாரம், டெக்சாஸ் நிறுவனங்களுக்கு வேலைக்கு எழுதிய மின்னஞ்சல்கள், வீட்டுச் சாமான் அனுப்ப வாங்கிய கொட்டேஷன். இதில் எந்த ஒன்றும் தனியாகப் பெரிய ஆதாரம் இல்லை. சேர்த்துப் பார்க்கும்போது கிளம்பப் போகும் குடும்பம் இது என்று தெரியும். குழந்தை இருந்தால் அங்கே பள்ளிக்கு விசாரித்த கடிதமும் வையுங்கள். நேர்காணலில் என் கணவரிடம் கேட்ட கேள்விகளில் பாதி என்னைப் பற்றித்தான்: மனைவி எப்போது வருகிறார், எங்கே வேலை, எங்கே தங்குவீர்கள். கல்யாணத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசவே இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. "எனக்கு டொமிசைல் இல்லை, மாமா அங்கே இருக்கிறார், அவரை ஜாயிண்ட் ஸ்பான்சராகப் போட்டுவிடுகிறேன்." நடக்காது. ஜாயிண்ட் ஸ்பான்சர் வருமானப் பற்றாக்குறையை மட்டும்தான் ஈடுகட்டுவார். மனுதாரரான உங்கள் டொமிசைலை நீங்கள்தான் காட்ட வேண்டும், அது இல்லாவிட்டால் மாமா கோடீஸ்வரராக இருந்தாலும் பயன் இல்லை.

வருமானத்துக்கு மாமா தேவைப்படலாம், அது வேறு விஷயம். சிங்கப்பூர் சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குடியேறிய பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வராது என்றால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2025 கணக்குப்படி இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டு வருமானம் 26,437 டாலர் வேண்டியிருந்தது, அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் மட்டும் இது கூடும். வருமானமே இல்லையென்று வைத்தாலும் சேமிப்பைக் காட்டலாம், குடிமகனின் மனைவிக்குப் பற்றாக்குறையைப் போல மூன்று மடங்கு, அதாவது 2025 கணக்கில் 79,311 டாலர். வெளிநாட்டில் இருக்கும் சேமிப்பும் ஒரு வருடத்துக்குள் பணமாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடியும் என்றால் சேரும். நிறுவனம் உங்களை அமெரிக்கக் கிளைக்கு மாற்றிச் சம்பளத்தைத் தொடர்ந்தால் இந்தத் தலைவலியே கிடையாது, ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி. இதைச் சொல்லாமல் விட மனசு வராது. அமெரிக்கக் குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும் வருமானம் வரம்பைத் தாண்டினால் அமெரிக்க வரிக் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். சிங்கப்பூரில் வரி கட்டினேனே என்பது பதில் ஆகாது. படிவம் 2555 மூலம் வெளிநாட்டுச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம், பல பேருக்குக் கடைசியில் வரி பூஜ்யமாகத்தான் வரும், ஆனாலும் தாக்கல் செய்திருக்க வேண்டும், ஐ-864 உடன் அதைக் கேட்பார்கள். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தமாக 10,000 டாலருக்கு மேல் அந்த வருடத்தில் எப்போதாவது இருந்திருந்தால், எஃப்பார் எனப்படும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை தனி. பழைய வருடங்கள் விடுபட்டிருந்தால், அது தெரியாமல் நடந்ததாக இருக்கும்பட்சத்தில், மூன்று வருட வரிக் கணக்கும் ஆறு வருட எஃப்பாரும் கொடுத்துச் சரிசெய்யும் ஸ்ட்ரீம்லைன்ட் முறை இருக்கிறது. ஐ-130 காத்திருக்கும் காலத்திலேயே இதை முடித்துவிடுங்கள், ஒரு நல்ல வரி ஆலோசகருக்குச் செலவு செய்வது வீண் இல்லை.

அப்புறம் மனைவியின் ஆவணங்கள். சிங்கப்பூர் காவல்துறையின் நற்சான்று, இந்தியத் தூதரகம் வழியாக வாங்கும் இந்தியப் போலீஸ் சான்று, பிறப்புச் சான்று. நம் பக்கத்துப் பழைய பிறப்புச் சான்றுகளில் குழந்தையின் பெயரே இருக்காது, "பெண்" என்று மட்டும் இருக்கும். ஊருக்கு யாராவது போகும்போது பெயரைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்று என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும்.

அதைவிட முக்கியம் பாஸ்போர்ட்டில் பெயர். நம்மில் பலருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் முழுப்பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு, அதாவது முதல் பெயர் தெரியாது என்று விழுந்துவிடும். கிரீன் கார்டிலும் அதுவே வந்து, லைசென்ஸ், வங்கி என்று ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். மனு போடுவதற்கு முன்பே பெயரைப் பிரித்துப் புதிய பாஸ்போர்ட் எடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

குழந்தை சிங்கப்பூரில் பிறந்திருந்தால் அதற்கு விசா தேடாதீர்கள். குழந்தை பிறப்பதற்கு முன் நீங்கள் மொத்தம் ஐந்து வருடம், அதில் இரண்டு வருடமாவது பதினான்கு வயதுக்குப் பிறகு, அமெரிக்காவில் இருந்திருந்தால் குழந்தை பிறப்பிலேயே குடிமகன். தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் எடுத்தால் போதும்.

சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் அங்கேயே கிரீன் கார்டு போடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து அந்த விசாவில் நுழைவது பொய்த்தகவலாகக் கருதப்படும், அதன் விளைவு வாழ்நாள் முழுக்கத் துரத்தும்.

எப்போது தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றிரண்டு வருடத்தில் போவது உறுதி என்றால் இப்போதே ஐ-130 போடுங்கள். கோப்பு வேகமாக நகர்ந்துவிட்டாலும் பயமில்லை, விசா சென்டர் கட்டத்தில் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம், ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொடர்பும் இல்லாமல் மட்டும் விட்டுவிடக் கூடாது, விட்டால் மனுவையே முடித்துவிடுவார்கள். போகும் எண்ணம் உறுதியில்லை, சும்மா கிரீன் கார்டு கையில் இருக்கட்டும் என்றால் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கார்டு வாங்கிக்கொண்டு சிங்கப்பூரிலேயே இருந்தால் அது கைவிட்டதாகக் கருதப்படும், மறுபடி முதலிலிருந்து எல்லாம்.

திருமணமாகி இரண்டு வருடம் நெருங்குகிறது என்றால் இன்னொன்று. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் இரண்டு வருடம் முடிந்திருந்தால் ஐஆர்1 என்ற விசா வகை, நேரடியாகப் பத்து வருடக் கார்டு. முடியாவிட்டால் சிஆர்1, இரண்டு வருட நிபந்தனைக் கார்டு, பிறகு ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். விசா காலம் இடம் கொடுத்தால் பயணத்தைச் சில வாரம் தள்ளிப்போடுவது அந்த வேலையையே இல்லாமல் செய்யும்.

வேலையை எப்போது விடுவது? விசா ஒட்டிய பாஸ்போர்ட் மனைவி கைக்கு வந்த பிறகு. விசா மருத்துவப் பரிசோதனையின் தேதியைப் பொறுத்து அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும், அதற்குள் நோட்டீஸ் காலம் முடிந்துவிடும். சிங்கப்பூரில் நீங்கள் வேலையை விடுவதாகச் சொன்னதும் நிறுவனம் ஐஆர்21 என்ற வரித் தீர்வுப் படிவம் தாக்கல் செய்து, வரி தீரும்வரை உங்களுக்குத் தர வேண்டிய சம்பளத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே டிக்கெட், சாமான் அனுப்புவது, யூஎஸ்சிஐஎஸ் இமிக்ரண்ட் கட்டணம் 235 டாலர், போய் இறங்கியதும் வீட்டு முன்பணம், எல்லாவற்றுக்கும் கடைசி மாதச் சம்பளத்தை நம்பாமல் தனியாகப் பணம் ஒதுக்கிவையுங்கள்.