பிரஸ் கார்டு வாங்கினால் வக்கீல் நோட்டீஸ் போய்விடாது

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தோழிகள் நாலு பேர் சேர்ந்து யூடியூபில் ஒரு செய்திச் சேனல் நடத்துகிறோம். கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ள தனியார் பெண்கள் விடுதியில் சாம்பாரில் புழு கிடந்ததை, அங்கே தங்கியிருக்கும் ஒரு தோழி படம் எடுத்துத் தந்தாள். வெளியிட்டோம். இப்போது விடுதி உரிமையாளர் 10 லட்ச ரூபாய் நஷ்டஈடு கேட்டும், 7 நாளில் வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்கச் சொல்லியும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். தெரிந்த ஒருவர், '6,000 ரூபாய் கொடுத்தால் பிரஸ் கார்டு வாங்கித் தருகிறேன், அப்புறம் யாரும் உங்களைத் தொட முடியாது' என்கிறார். வாங்கலாமா? ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா?

பதில்: கார்டை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

செய்தி வெளியிடும் உரிமை உங்களுக்கு அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள அதே பேச்சுரிமைதான் அது. பத்திரிகைக்காரர்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. செய்தி மக்கள் தொடர்புத் துறை கொடுக்கும் அங்கீகார அட்டையை வைத்திருக்கும் மூத்த நிருபர் மீதும் அவதூறு வழக்குப் போடலாம். அப்படியிருக்க, மூன்று சிங்க முத்திரையும் 'மனித உரிமை' என்ற வார்த்தையும் போட்டுத் தெருவில் விற்கும் அட்டை உங்களை எப்படிக் காப்பாற்றும்? அந்த முத்திரையை அனுமதியில்லாமல் அச்சடிப்பதே 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு.

இப்படி அட்டை வாங்கிய மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். அட்டை விற்றவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் பணம் பறித்த வழக்கில் மாட்டினார். அவருடைய 'நிருபர்கள்' பட்டியலில் இந்தப் பையன் பெயரும் இருந்தது. யாரிடமும் ஒரு ரூபாய் வாங்காத பையன், விசாரணைக்கு அலைந்தே ஒரு செமஸ்டரைத் தொலைத்தான். கேமராவைப் பிடிக்க மூன்று வருடம் சொல்லித்தரும் கல்லூரிகள், இந்த ஆட்களைப் பற்றி ஒரே ஒரு வகுப்பு எடுத்தால் என்ன?

சரி, நோட்டீஸுக்கு வருவோம். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. 10 லட்சம் என்று எழுதப் பேனா போதும். ஆனால் அந்தத் தொகையைக் கேட்டு வழக்குப் போடத் தமிழ்நாட்டில் 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய், கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்காக நோட்டீஸைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். கெடுவுக்குள் ஒரு வக்கீல் மூலம் பதில் போக வேண்டும்.

ஜெயில் பயம் பற்றி: அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. அதிகபட்சம் 2 ஆண்டு. ஆனால் அவதூறுக்குப் போலீஸ் நேரடியாக முதல் தகவல் அறிக்கை போட முடியாது. 2016-இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட் முன் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, புகாரைக் கோப்பில் எடுக்கும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். ஆகவே யாராவது போனில் 'நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்துவிடு, கைது பண்ணிவிடுவோம்' என்று மிரட்டினால் நடுங்காதீர்கள்.

அவதூறைக் குற்ற வழக்காக வைத்திருப்பதே எனக்கு உடன்பாடில்லை. நான் பார்த்தவரை இந்த வழக்குகளில் தண்டனையைவிட வாய்தாதான் ஆளை முறிக்கிறது. பரீட்சை நாளில் ஒரு இருபது வயதுப் பெண் கோர்ட் வராண்டாவில், தன் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று நிற்கிறாள். காலனிக் காலத்துச் சட்டங்களைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதுகிறோம் என்றவர்கள், சமூக சேவையை ஒரு தண்டனையாகச் சேர்த்ததோடு இதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. அவதூறுச் சட்டத்தில் பத்து விதிவிலக்குகள் உண்டு. மற்றவற்றை விடுங்கள், உங்களுக்கு வேண்டியது முதலாவது. 'உண்மையைத்தானே சொன்னேன்' என்று எல்லா மாணவர்களும் சொல்கிறார்கள். குற்ற வழக்கில் அது மட்டும் போதாது. சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டு காலும் வேண்டும். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே போதும்.

உங்கள் வீடியோவை வைத்தே பாருங்கள். 'சாம்பாரில் புழு இருந்தது': உண்மை, படம் இருக்கிறது, அங்கே சாப்பிடும் பெண்களுக்கும், நாளை சேரப்போகிறவர்களுக்கும் தெரிய வேண்டியது. இரண்டு காலும் நிற்கிறது. 'உரிமையாளர் தெரிந்தே கெட்டுப்போன பருப்பு வாங்குகிறார்' என்று சொல்லியிருந்தால், அவர் மனதில் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் காலே இல்லை. அவருடைய குடும்பச் சண்டையைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தால், அது உண்மையாகவே இருந்தாலும் சாம்பாருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டாவது கால் இல்லை. வீடியோவுக்குள் நிதானமாகப் பேசிவிட்டு, தம்ப்நெயிலில் (முகப்புப் படத்தில்) 'விஷம் வைக்கும் முதலாளி' என்று போடும் பழக்கம் இன்று எல்லோருக்கும் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் நேராக அங்கேதான் விரல் வைப்பார். அப்படி ஏதாவது இருந்தால் தலைப்பையும் தம்ப்நெயிலையும் இன்றே மாற்றுங்கள். மாற்றும் முன் பழையதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மறைத்தீர்கள் என்ற பேச்சு வரக் கூடாது.

அசல் வீடியோ தோழியின் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்தது சுருக்கப்பட்ட நகல். எடுத்த நேரம் முதலான விவரங்கள் அதில் போய்விடும். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய அசல் கோப்பு இருப்பதுதான் பலம். போனை ரீசெட் செய்யவோ விற்கவோ வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

படம் எடுத்துத் தந்த அந்தத் தோழிக்கு என்ன ஆகும் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதுதான் எனக்குக் கவலை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எவர்சில்வர் தட்டின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறதா? ஜன்னலை வைத்து எந்த அறை என்று தெரிகிறதா? தெரிந்தால் அந்த இடத்தை யூடியூபிலேயே மங்கலாக்க வசதி இருக்கிறது. தகவல் தந்தவரின் பெயரை நீதிமன்றத்தில் சொல்லாமல் இருக்க நம் நாட்டில் நிருபருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 'உன் பெயர் வெளியே வரவே வராது' என்று வாக்குக் கொடுத்திருந்தால், உள்ளதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வெளியிடும் முன் உரிமையாளரிடம் விளக்கம் கேட்டீர்களா? இல்லையென்றால் இப்போது நேரில் போகாதீர்கள். அவர் தரப்பையும் வெளியிடத் தயார் என்பதை வக்கீல் பதிலிலேயே எழுதச் சொல்லுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் தோழிகள் எழுத்துமூலம் புகார் கொடுக்கட்டும். ஆய்வு நடந்தால், அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் கட்டிக் கேட்டு வாங்கலாம்.

சமரசம் பேசித் தருகிறேன் என்று இன்னொருவர் வருவார். 'நாங்கள் சொன்னது பொய், வருந்துகிறோம்' என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், அதையே உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீட்டுவார்கள். வெற்றுத் தாளிலும் போடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கார்டு விற்பவரிடமோ சமரசம் பேசுபவரிடமோ போக வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நோட்டீஸ், அது வந்த உறை, வீடியோவின் நகல், பழைய தம்ப்நெயிலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கெடு முடியும் நாள்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே போய்விடுங்கள்.