காசு ஆருக்கு, களைப்பு ஆருக்கு?

கேள்வி: பாசிக்குடாவுக்குக் கிட்ட இருந்த மனைவியின் சீதனக் காணி விலைப்பட்டு எனக்குப் பல கோடி ரூபாய் கிடைத்திருக்கிறது. எனக்கு வயது 51. வாகனேரிப் பக்கம் 6 ஏக்கர் வயல் இருக்கிறது. இனியும் சேற்றில் நின்று வேளாண்மை செய்யத்தான் வேணுமா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? எனக்கு நேரடியான பதில் தேவை.
(பெயர் வேண்டாம், வாழைச்சேனை)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கோடி இல்லை. ‘வேளாண்மை’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்தான். விவசாயம் என்று எழுதவில்லை, கமம் என்று எழுதவில்லை, நெற்செய்கை என்றும் எழுதவில்லை. வீட்டில் பேசுவதை அப்படியே எழுதினீர்கள். அதற்காகவே இந்த மாதம் முழுப் பக்கத்தையும் உங்களுக்குத் தருகிறேன்.

இந்தச் சொல்லுக்காக நான் 30 வருடமாகச் சண்டை பிடிக்கிறேன். இளம் வயதில் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு ‘வேளாண்மை வெட்டு’ என்று ஒரு கட்டுரை அனுப்பினேன். ‘நெல் அறுவடை’ என்று தலைப்பை மாற்றிவிட்டார்கள். அதையாவது பொறுக்கலாம். வெட்டிய கதிரை அடுக்கிக் ‘களவெட்டியில் சூடு வைத்தோம்’ என்று எழுதியிருந்தேன். களவெட்டி என்றால் நெல் அடிக்கிற களம், சூடு என்றால் கதிர்ப் போர். ‘களத்தில் வெப்பம் வைத்தோம்’ என்று அச்சாகி வந்தது. எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, “என்னகா மனே, சூட்டுக்கு நெருப்பு வச்சிட்டீங்களா?” என்று பதறிப்போய்க் கேட்டார். அன்றைக்குத் தொடங்கிய சண்டை இன்னும் தீரவில்லை. இந்தப் பத்திரிகையில் சூடு சூடாகவே இருக்கும், வயல்வெளியைச் சொல்கிற வட்டை வட்டையாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் வேளாண்மை என்றால் பயிர்த்தொழில் முழுவதும். அங்கே அரசாங்கத் திணைக்களத்துக்கே அதுதான் பெயர். நமக்கு வேளாண்மை என்றால் வயலில் நிற்கிற நெல். ‘வேளாண்மை குடலைக்கு (கதிர் வெளிவருவதற்கு முந்திய பருவத்துக்கு) வந்துட்டு’, ‘வேளாண்மைக்குள்ள யானை இறங்கிட்டு’ என்கிறோம். இது தெரியாமல் வெளியிலிருந்து வந்த ஓர் உத்தியோகத்தர், வெள்ள நிவாரணப் படிவம் நிரப்ப எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் அகப்பட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டது இது.

“ஐயா, அழிந்த பயிர் என்ன?”

“வேளாண்மை.”

“அது தொழில் ஐயா. பயிரின் பெயரைச் சொல்லுங்கோ.”

“வேளாண்மைதான் சேர்.”

“கத்தரியா, மிளகாயா?”

“அது தோட்டம். வீட்டடியில இருக்கு. அதுக்கு ஒண்டும் ஆகல்ல.”

“சோளமா, கச்சானா?”

“அது சேனை. போன வருசம் செய்த.”

“அப்ப, தண்ணிக்குள் கிடக்கிற வயலில் என்னதான் போட்டிருந்தீங்கள்?”

“அதத்தானே சேர் விடிஞ்சதில இருந்து சொல்றன். வேளாண்மை!”

உத்தியோகத்தர் பேனையை மூடினார். மறுகா பெரியவர் அவருடைய கையைப் பிடித்து வரம்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அழுகிய கதிர் ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்தார். “இதுதான்” என்றார். “ஓ, நெல்லு!” என்று அவர் சொல்ல, “உரிச்சாச் சோறு, மூட்டையில கட்டினா நெல்லு, நிக்கக்குள்ள வேளாண்மை” என்றார் பெரியவர். இதைவிடத் துல்லியமான அகராதி விளக்கத்தை நான் இதுவரை கண்டதில்லை.

வள்ளுவரிடம் போனால் இதே சொல் வேறு முகம் காட்டுகிறது. திருக்குறளில் வேளாண்மை என்றால் கொடுத்து உதவுவது, விருந்தினரைப் பேணுவது. 613ஆம் குறள் அந்த வேளாண்மையைத் தாளாண்மை என்ற முயற்சியின் மேல் ஏற்றி வைக்கிறது. உழைக்கிறவனிடத்தில்தான் கொடுக்கிற பெருமிதம் தங்கும் என்கிறது. நம்முடைய ஆட்கள் அந்தச் சொல்லை எடுத்து நெல்லுக்கே வைத்துவிட்டார்கள். சூடடிக்கிற களவெட்டியில் நெல்லைப் ‘பொலி’ என்றுதான் சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தோடு வளர்ந்தவன் நான். கோயிலுக்கு, ஏழைக்கு, வேலை செய்தவனுக்கு, கேட்டு வந்தவனுக்கு என்று அள்ளிக் கொடுத்த பிறகுதான் மூட்டை வீட்டுக்கு வரும். நெல்லுக்கும் ஈகைக்கும் ஒரே பெயர் இருப்பதை எங்கள் அப்பாவின் களவெட்டியில் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே ‘வேளாண்மை செய்யத்தான் வேணுமா’ என்று நீங்கள் கேட்டபோது, ‘வருமானம் இனி வேணுமா’ என்று மட்டும் என் காதில் விழவில்லை. வருமானம் வேண்டாம் என்றால் அது உங்கள் கணக்கு. அந்த 6 ஏக்கரை நம்பி வருகிற உழவு மெசின்காரர், களை பிடுங்க வருகிற பெண்கள், வெட்டு மெசினுக்குப் பின்னால் சாக்குப் பிடிக்கிற பிள்ளைகள், இவர்களெல்லாம் உங்கள் கோடியில் பங்கு கேட்கவில்லை. வரம்புக்கு அங்கால் இருக்கிற வயல்காரனையும் நினையுங்கள். நடுவில் ஒரு வயல் தரிசாகக் கிடந்தால் புல்லும் எலியும் அவனுக்குத்தான். இரவில் காவலுக்கு ஒரு பரண் குறைந்தால் யானை அந்த வழியால்தான் வரும். வயற்காணியைச் செய்கை பண்ணாமல் போட்டுவைப்பதை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் ஏற்றுக்கொள்ளாது. (அந்தச் சட்டத்தின் பெயரிலும் கமம்தான் இருக்கிறது, வேளாண்மை இல்லை. அதற்கும் ஒருநாள் எழுதுவேன்.)

உங்களால் இறங்க முடியவில்லை என்றால், இறங்கக்கூடிய ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுங்கள். முடியும் என்றால் நீங்களே இறங்குங்கள். 51 வயது ஒரு வயதே இல்லை.

இனி நான் உண்மையில் எழுத வந்த விசயம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ‘எனக்கு’ என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. மனைவி ஒரே இடத்தில், அதுவும் காணிக்கு முன்னால் அடைமொழியாக வருகிறார்.

காணி ஆருடையது? அந்தத் தங்கச்சியுடையது. அவருக்கு அது தாயிடமிருந்து வந்திருக்கும், அந்தத் தாய்க்கு அவருடைய தாயிடமிருந்து வந்திருக்கும். மட்டக்களப்பில் பெரும்பாலும் வீடும் வளவும் பெண் வழியே இறங்குகின்றன, குடி என்ற குலப்பிரிவு தாய்வழியே வருகிறது, கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். இங்கே சொத்துரிமைக்கு இருந்த பழைய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றத்தில் வழக்கொழிந்து போனது. ஆனால் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வழக்கம் ஒழியவில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமைப்படி மனைவி தன்னுடைய காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நமக்கு அந்தச் சட்டம் இல்லை. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் வந்த நாளிலிருந்து, பெண்ணின் சொத்தைப் பெண்ணே வைத்திருக்கலாம், பெண்ணே விற்கலாம். உறுதியில் கையெழுத்து வைத்தது அவர். காசு வந்தது மட்டும் உங்களுக்கா?

சுவீடனில் லொத்தரில் பெருந்தொகை விழுந்தவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2017இல் வெளியானது. காசு கிடைத்தவர்கள் உழைப்பை உடனே கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், அந்தக் குறைவு வருடக்கணக்கில் நீடித்தது, ஆனால் அது பெரிய குறைவு இல்லை. இளையவர், மூத்தவர், ஆண், பெண் என்ற வேறுபாடும் பெரிதாக இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: சீட்டு ஆருடையதோ அவர் உழைப்பைக் குறைத்த அளவுக்கு அவருடைய கணவனோ மனைவியோ குறைக்கவில்லை. சுவீடன்காரனுக்கும் ஆருடைய காசு என்பது தெரிந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் சீட்டு விழுந்தது மனைவிக்கு. ஓய்வு கேட்டு எழுதுவது நீங்கள்.

அவர் எப்போது எழும்புகிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் வயலுக்குப் போகிற நேரத்துக்குத் தேத்தண்ணியும் சோற்றுப் பொதியும் ஆயத்தமாக இருந்தால், அவர் உங்களுக்கு முன்னமே எழும்பியிருக்கிறார். விதைப்பு நாளிலும் வெட்டு நாளிலும் இத்தனை ஆளுக்குச் சோறு வைப்பது, நெல் அவிப்பது, காய வைப்பது, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளுவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாட்டுக்குத் தண்ணி. ‘வேளாண்மை செய்கிறேன்’ என்று நீங்கள் ஒருமையில் சொல்கிற வேலையில் அவருடைய பங்கு இவ்வளவு. என் அம்மாவுக்கு 70 வயதிலும் நெல் அவிக்கிற கிடாரத்தின் தழும்பு கையில் இருந்தது. வேளாண்மை ஆருடையது என்று கேட்டால் ஊர் முழுக்க அப்பாவின் பெயரைத்தான் சொல்லும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் பொறுக்காது.

அதனால் நேரடியான பதில் கேட்டீர்களே, இதோ: வேலையை விடலாமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர் அவர். நெல் அவிப்பதற்கு ஆள் வைக்க வேண்டும் என்கிறாரா, வையுங்கள். வெட்டு நாள் சோற்றைக் கடையில் எடுக்கலாம் என்கிறாரா, எடுங்கள். ஒரு தையல் கடையோ தயிர் வியாபாரமோ தொடங்கப்போகிறேன் என்கிறாரா, அது அவருடைய தாயின் காசு, வழி விடுங்கள். உங்களையும் வயலை விட்டு வரச் சொல்கிறாரா, அதையும் அவருடைய வாயால் கேளுங்கள்.

காசைப் பற்றி நாலு வரி. அவருடைய பெயரில் கணக்குத் திறந்து போடுங்கள். ஒரே வங்கியில் எல்லாவற்றையும் குவிக்க வேண்டாம். வங்கி முறிந்தால் வைப்பாளருக்குக் கிடைக்கிற வைப்புக் காப்புறுதியை 2021இல் உயர்த்தியபோதே ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய்தான் எல்லை. வட்டியில் காலம் தள்ளலாம் என்று முடிவெடுக்கும் முன்னர் 2022ஐ நினையுங்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாய்க்கு இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். வங்கியில் காசு வைத்திருந்தவனின் காசு இருந்த இடத்திலேயே கரைந்தது. பசளை இல்லாமல் அரைவாசி விளைந்த வயல்காரன் வீட்டில்கூட அன்றைக்குச் சோறு இருந்தது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் எத்தனை அரசாங்க உத்தியோகத்தர்கள் வயல்காரர் வீட்டுப் படலையைத் திறந்தார்கள் என்பதை நான் மறக்கமாட்டேன்.

வாழைச்சேனை என்று பார்த்ததும் ஒன்று எழுதத் தோன்றுகிறது. உங்கள் ஊர்க் கடதாசி ஆலை நம்முடைய வைக்கோலில் தாள் செய்தது. சூடடித்து, நெல்லை எடுத்து, மாட்டுக்குப் போட்டு மிஞ்சிய வைக்கல் லொறியில் ஏறிப் போகும். அது தாளாகிப் பிள்ளைகளின் கொப்பியாகத் திரும்பி வரும். நான் ‘அ’ எழுதியது வேளாண்மையின் மேல்தான் என்று என் மனம் இன்றைக்கும் நம்புகிறது. நெல்லின் ஒரு துரும்பையும் வீணாக்காத ஊர் அது. அந்த ஊரில் இருந்துகொண்டு வயலை விட்டுவிடவா என்று கேட்டதால்தான் எனக்கு இவ்வளவு வேகம் வந்தது. கோபம் இல்லை தம்பி.

பெரும்போகம் என்ற மாரிகாலச் செய்கைக்கு விதைப்பு நாளும் தண்ணீர் திறக்கிற நாளும் தீர்மானிக்கிற கூட்டம் வரும். அதற்கு முந்திய இரவு, சாப்பிட்ட பிறகு அவரை ஒரு இடத்தில் இருக்கச் சொல்லுங்கள். கோப்பையை நீங்கள் கழுவுங்கள். மறுகா கேளுங்கள். என்ன சொன்னார் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். அந்தக் கடிதத்தை அவரே எழுதட்டும்.