முடிவு முன்பே தெரிந்துவிடுகிறதா? திரையின் அடியில் பாருங்கள்

கேள்வி: அண்மையில் பார்த்த மர்மப் படங்களிலும் திகில் படங்களிலும் முடிவை ஊகிக்கவே முடியாமல் போனது எது? கோலாலம்பூரில் எந்தப் படத்துக்குப் போனாலும் எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிடுகிறது.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: 'மகாராஜா'. 2024 ஜூனில் வந்தது, நித்திலன் சாமிநாதன் இயக்கியது, விஜய் சேதுபதிக்கு 50ஆவது படம். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் காவல் நிலையத்துக்கு வந்து, வீட்டிலிருந்த குப்பைத்தொட்டி களவுபோய்விட்டது, அதன் பெயர் லட்சுமி, கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறார். அங்கே தொடங்கும் கதை எங்கே போய் நிற்கும் என்று கடைசிக் கட்டம் வரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் இரண்டாவது வாக்கியம். பாதியிலேயே தெரிந்துவிடுகிறது என்கிறீர்கள். நீங்கள் கூர்மையானவராக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டுத் திரையரங்கில் தமிழ்ப் படம் ஓடும்போது அடியில் மலாய் வரிகளும் ஓடுகின்றன. தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்கும் கண் அங்கேதான் போகும். எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க முடியாது. முடிவை உங்களிடம் போட்டுக்கொடுப்பது அந்த வரிகள்தான் என்பது என் ஊகம். அவற்றை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறேன்.

பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே 12 ஆண்டுகளாகத் தமிழ்த் தொடர்களுக்கும் சில படங்களுக்கும் மலாய் சப்டைட்டில் எழுதி வருகிறேன். அடுத்த வீட்டில் ஒரு மலாய் அம்மா இருக்கிறார், ஓய்வுபெற்ற தாதி. நான் அவரைக் கக் என்றுதான் அழைப்பேன். மலாயில் அக்காவுக்கு அதுதான் சொல். தமிழில் அவருக்குப் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். ஆனால் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அவரைவிடத் தமிழ்ப் படம் பார்த்தவர் எவரும் இல்லை. திகில் படம் வந்தால் இருவரும் சேர்ந்துதான் போவோம்.

சென்ற ஆண்டு ஒரு மர்மப் படத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், பார்க்காதவர்களுக்குக் கெட்டுவிடும். உச்சக் காட்சியில் ஒரு பாத்திரம் மெதுவாகப் பேசத் தொடங்குகிறது: "உங்கள் அண்ணனை... அன்று இரவு... கொன்றது..." அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கக் என் மணிக்கட்டை இறுகப் பற்றி "அல்லாஹ்" என்றார். அதற்குப் பிறகுதான் திரையில் அந்தச் சொல் வந்தது: "நான்தான்." எனக்கு இரண்டு வினாடிக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. காரணம், அடியில் இருந்த மலாய் வரி 'சாயா' என்று தொடங்கியது. சாயா என்றால் நான். தமிழ் வாக்கியம் உயிரை வாலில் வைத்துக்கொள்ளும். மலாய் வாக்கியம் பெரும்பாலும் தலையிலேயே வைத்துவிடும். "சாயா யாங் புனுஹ் அபாங் ஆவாக்" என்று முழுமையாக எழுதிப் போட்டால் இலக்கணம் சரி, பொருள் சரி, படம் செத்தது.

இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும். மலாயிலேயே "யாங் புனுஹ் டியா..." என்று முதல் வரியை நிறுத்தி, நடிகரின் வாய் திறக்கும்போது "சாயா" என்று அடுத்த வரியை விட்டால் போதும். "அவரைக் கொன்றது... நான்" என்ற அதே தொங்கல் மலாயிலும் நிற்கும். இதற்குத் தனி அறிவு ஒன்றும் வேண்டாம். அந்த ஒரு வரிக்காக மூன்று முறை காட்சியைத் திருப்பிப் பார்க்கும் பொறுமை வேண்டும். நிமிடக் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில் அந்தப் பொறுமைக்குக் காசு கிடையாது. மழுப்பாமல் சொல்கிறேன், இது என் சக தொழிலாளிகளின் குற்றமல்ல.

என் குற்றம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொலை மர்மத் தொடருக்கு எழுதினேன். எழுதக் கொடுத்த நிறுவனம் முழுத் தொடரையும் தராது, படம்பிடிக்கப் பிடிக்க ஒவ்வொரு பகுதியாக அனுப்பும். மூன்றாம் பகுதியில் ஒரு வேலைக்காரப் பெண் சன்னல் வழியே பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கிசுகிசுக்கிறாள்: "வந்துவிட்டார்கள்." அவ்வளவுதான் வசனம். நான் யோசிக்கவே இல்லை, "மெரேகா" என்று தொடங்கி எழுதிவிட்டேன். மெரேகா என்றால் பலர். பத்தாம் பகுதி வந்தபோதுதான் தெரிந்தது, வந்தது ஒரே ஒருத்தி, வீட்டின் மூத்த மருமகள். வேலைக்காரி மரியாதைக்காகச் சொன்ன 'ஆர்கள்' அது. தமிழில் அந்தச் சொல்லுக்குள் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்ற இரண்டு ரகசியமும் பத்திரமாக இருந்தன. கதாசிரியர் எவ்வளவு கவனமாக அதை வைத்திருப்பார்! மலாயில் 'டியா' என்ற சொல் அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் பொது. டியா என்று எழுதியிருந்தால் பாதி ரகசியமாவது தங்கியிருக்கும். நான் மெரேகா என்று எழுதி, மலாயில் படித்தவர்களை எல்லாம் ஏழு வாரம் ஒரு கும்பலைத் தேட வைத்துவிட்டேன்.

கக் அந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தார். இறுதிப் பகுதி முடிந்த மறுநாள் காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னிடம் வேலியோரம் வந்து கேட்டார்: "ஒருத்திதான் வந்தாளா? நீ மெரேகா என்று எழுதியிருந்தாயே. நான் உன்னை நம்பித்தானே பார்த்தேன்." கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதி, மறு ஒளிபரப்புக்கு முன் திருத்தித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். பதிலே வரவில்லை.

இதைப் படித்துவிட்டு, தமிழ் நுட்பமான மொழி, மலாய் அப்படியல்ல என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வதே வேறு. மர்மத்துக்கு மலாய் பல இடங்களில் தமிழைவிட வசதியான மொழி. தமிழில் கொலையாளியைப் பற்றிப் பேச வாயைத் திறந்ததும் வினைமுற்று காட்டிக்கொடுக்கும்: வந்தான், வந்தாள். அதனால்தான் நம் படங்களில் காவல்துறை அதிகாரிகள் "அந்தக் கொலையாளி", "அந்த நபர்" என்று சுற்றி வளைக்கிறார்கள், அல்லது சும்மா 'அவன்' என்று சொல்லி நம்மை ஓர் ஆணைத் தேட விடுகிறார்கள். மலாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. வினையில் காலமும் கிடையாது. 'டத்தாங்' என்ற ஒரே சொல் வந்தார், வருகிறார், வருவார் மூன்றுக்கும் நிற்கும். காலத்தைச் சொல்ல வேண்டுமானால் 'முன்பு' என்ற பொருளில் 'டுலு' போன்ற ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். வைப்பதும் வைக்காததும் எழுதுபவர் கையில். 'மகாராஜா' போன்ற படத்தில் அப்படி ஒரு சொல்லைத் தப்பான இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று, பார்த்தவர்களுக்குப் புரியும். அந்தப் படம் யார் என்பதைவிட எப்போது என்பதைத்தான் மறைக்கிறது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

திகில் படங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 'டிமான்டி காலனி 2' 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. முதல் பாகம், 2015இல் வந்தது, எனக்கு இன்னும் ஒரு படி மேல்தான். நான்கு நண்பர்கள், ஓர் அறை, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, இவற்றை வைத்துக்கொண்டே அஜய் ஞானமுத்து வியர்க்க வைத்தார். இரண்டாம் பாகத்தில் எல்லாம் பெரிதாகிவிட்டது. பயம் பெரிய இடத்தில் நீர்த்துப்போகிறது. நன்றாக இல்லை என்று சொல்லவில்லை, முடிச்சுகளைப் போட்ட விதம் நேர்த்தி.

அதைப் பார்த்த அன்று ஒரு வேதனையும் கூடவே நடந்தது. முன்வரிசையில் ஒரு குடும்பம், மடியில் இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை. இரவு பத்தரை மணிக் காட்சி. ஒவ்வொரு முறை ஓசை எழும்பும்போதும் அந்தப் பிள்ளை உடல் தூக்கிப்போட அலறியது. தகப்பனார் கைப்பேசியில் பொம்மைப் படம் போட்டுக் காட்டினார், அந்த வெளிச்சம் எங்கள் கண்ணில். 13, 16, 18 என்று வயதுப் பிரிவுகள் இந்த நாட்டில் எதற்காக இருக்கின்றன? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது எனக்குப் புரியும், நானும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், ஆறு ஆண்டுகள் திரையரங்கு வாசலையே மிதிக்காதவள். அந்தக் குழந்தை அன்று இரவு எப்படித் தூங்கியதோ. டிக்கெட் கிழித்தவரிடம் சொன்னேன், அவர் தோளைக் குலுக்கினார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை. ஆனால் மனத்தில் கிடப்பதை எங்கே இறக்கி வைப்பது?

படம் விட்டு வெளியே வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. சீனர்களின் ஏழாம் மாதம், பசித்த ஆவிகளுக்குப் படையல் போடும் மாதம். சாலையோரத் திடலில் மேடை போட்டிருந்தார்கள். பாட்டு முடிந்து கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகள் முழுவதும் காலி. பினாங்கில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த வரிசை ஆவிகளுக்கானது, மனிதர் உட்காரக் கூடாது. இரண்டரை மணி நேரம் திரையில் பார்த்ததைவிட அந்தச் சிவப்பு நாற்காலிகள் எனக்கு வயிற்றைக் கலக்கின. கக் என்னிடம் மெல்லக் கேட்டார், "அங்கே யார்?" மலாயில் யார் என்பதிலும் ஆண் பெண் இல்லை. பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியனிலும் 'ஈ' என்ற ஒரே சொல்தான் அவனுக்கும் அவளுக்கும். அந்த நாற்காலியில் இருப்பதைப் பற்றி மூன்று மொழியிலும் எதுவும் தெரியாமல் பேச முடியும்.

தமிழில் மட்டும் இன்னொரு படி உண்டு. என் பாட்டி சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரவில் பேய் என்று பெயர் சொல்ல விடமாட்டார், காற்று கருப்பு என்பார். கதை சொல்லும்போது, "அவள் லயத்து வாசலில் நின்றாள்" என்று தொடங்குவார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பிரசவத்தில் செத்த பெண் என்று தெரியவந்த இடத்தில், குரலை மாற்றாமலே, "அது திரும்பிப் பார்த்தது" என்பார். அவள் அதுவாகிற அந்த ஒரு கணத்தில்தான் நாங்கள் போர்வைக்குள் போவோம். இதை மலாயில் எப்படி எழுதுவது என்று பல நாள் திண்டாடியிருக்கிறேன், டியா என்ற சொல்லுக்கு அந்த வழுக்கல் கிடையாது. கக்கிடம் கேட்டேன். பிரசவத்தில் செத்த பெண்ணின் பேய்க்கு மலாயில் பொந்தியானாக் என்று பெயர். மலாய்க்காரர்களும் இரவில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்களாம், 'பெண்டா து' என்பார்களாம். அந்தப் பொருள் என்று அர்த்தம். அன்றிலிருந்து டியா என்று போய்க்கொண்டிருக்கும் வரியைச் சரியான இடத்தில் பெண்டா து என்று மாற்றுகிறேன். கவனித்துப் படிப்பவர்களுக்கு முதுகு சில்லிடும் என்று நம்புகிறேன்.

1957இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட 'பொந்தியானாக்' படத்தைக் கக்கின் அம்மா திரையரங்கில் பார்த்தவராம். மரியா மெனாடோ நடித்தது. இயக்கியவர் பி. என். ராவ், இந்தியாவிலிருந்து வந்தவர். இன்று அந்தப் படத்துக்குப் பிரதி இல்லை. அம்மா சொல்லக் கேட்ட கதையாகத்தான் கக்குக்கு அது தெரியும்.

'பிரமயுகம்' பார்க்கவில்லையென்றால் பாருங்கள். 2024இல் வந்த மலையாளப் படம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. பாழடைந்த மனை, ஒரு கிழவர், ஒரு சமையற்காரர், வழிதவறி வந்த ஒரு பாணர். அங்கே பகடையில் பணயம் வைக்கப்படுவது காலம். மம்மூட்டி சிரிக்கும்போது வரும் பயம் சப்டைட்டிலில் அடங்காது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. அடுத்த படத்தை வீட்டில் பாருங்கள், சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாவிட்டால் தொலைக்காட்சியின் அடியில் ஒரு பட்டை அட்டையை ஒட்டுங்கள். அதற்குப் பிறகும் பாதியில் தெரிந்தால் நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன்.

கக் இப்போது 'அந்த நாள்' பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். 1954இல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த படம், ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய நாள்களில் நடக்கும் கொலை. என்னிடம் இருக்கும் பிரதியில் மலாய் வரிகள் இல்லை. வரும் சனிக்கிழமை நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயால்தான் சொல்லப்போகிறேன். கடைசிக் காட்சியில் எந்தச் சொல்லை முதலில் சொல்வது என்று இரண்டு நாளாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.