பி.ஜே.யில் ஒரு விலை, சுங்கை சிப்புட்டில் ஒரு விலையா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். தீபாவளிக்கு முன் ஒரு வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று வீட்டு வைஃபையில் பார்த்தேன். 899 ரிங்கிட் காட்டியது. பெட்டாலிங் ஜெயாவில் (பி.ஜே.) வேலை செய்யும் மகன் அதே நேரத்தில் தன் கைப்பேசியில் பார்த்தான், அவனுக்கு 839. "நம்ம பக்கம் பெரிய கடை இல்லைன்னு வீட்டு இணைய எண்ணை வச்சே கண்டுபிடிச்சு விலையை ஏத்துறாங்க" என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. உண்மையா? — ஒரு வாசகி

பதில்: அந்தத் தம்பி சொல்வதை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது, அம்மா. அமெரிக்காவில் அப்படியே நடந்திருக்கிறது. ஸ்டேப்பிள்ஸ் என்ற எழுதுபொருள் நிறுவனத்தின் இணையக் கடையை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேடு சோதித்துப் பார்த்து 2012 டிசம்பரில் எழுதியது. ஒரே ஸ்டேப்ளருக்கு ஒருவருக்கு 15.79 டாலர், சில மைல் தள்ளி இருந்த இன்னொருவருக்கு 14.29 டாலர். பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தளம் ஊகித்துக்கொண்டது. அந்த ஊரைச் சுற்றி 20 மைலுக்குள், அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்குள் போட்டிக் கடை இருந்தால் பெரும்பாலும் தள்ளுபடி விலை, இல்லாவிட்டால் கூடுதல் விலை. இன்னொன்றையும் அந்த நாளேடு கவனித்தது. தள்ளுபடி கிடைத்த பகுதிகளில் சராசரி வருமானம் அதிகமாக இருந்தது.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். வேறு கடைக்குப் போக வழியில்லாதவரிடமே அதிகம் கேட்கப்படுகிறது. தோட்டத்து மளிகைக் கடையில் பற்றுப் புத்தகம் வைத்துச் சாமான் வாங்கிய குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கணக்கு. பஸ் பிடித்து டவுனுக்குப் போக முடியாதவர் சொன்ன விலையைத்தான் கொடுத்தார். இணையம் வந்தால் அது மாறும் என்று நம்பினோம். ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது.

ஆனால் உங்களுடைய 60 ரிங்கிட் வித்தியாசத்துக்கு வீட்டு இணைய எண் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இணைய எண், அதாவது ஐபி எண் என்பது இணையச் சேவை கொடுக்கும் நிறுவனம் உங்கள் இணைப்புக்குத் தரும் எண். அதை வைத்து எந்த நிறுவனத்தின் இணைப்பு, தோராயமாக எந்தப் பகுதி என்று சொல்லலாம். வீட்டு இலக்கம் தெரியாது, உங்கள் பெயரும் தெரியாது. பகுதிகூடப் பல நேரம் தப்பாகத்தான் இருக்கும். நீங்கள் சுங்கை சிப்புட்டில் இருந்தாலும் ஈப்போ என்றோ கோலாலம்பூர் என்றோ காட்டும். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் மோடத்தை அணைத்துப் போட்டால் எண்ணே மாறிவிடலாம். கைப்பேசி டேட்டாவில் ஒரே எண்ணை ஒரே சமயத்தில் பல பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்.

உங்களை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பது உங்கள் கணக்குதான். அனுப்பும் முகவரியில் 31100 என்ற உங்கள் ஊர் அஞ்சல் குறியீட்டை நீங்களே பதிந்திருக்கிறீர்கள். என்ன வாங்கினீர்கள், எதைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் விட்டீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கணக்கில் நுழையாமல் பார்த்தாலும் தளங்கள் உங்கள் கருவியில் போட்டு வைக்கும் குக்கி என்னும் சிறு குறிப்பு, நீங்கள் மறுபடி வந்ததைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் 16 விற்பனை, பயணத் தளங்களைச் சோதித்தபோது 9 தளங்களில் ஆளுக்கோ கருவிக்கோ தகுந்த மாற்றம் இருந்தது. சிலவற்றில் உறுப்பினராக நுழைந்தவருக்கு ஒரு விலை, நுழையாதவருக்கு வேறு விலை. விலையைத் தொடாமல் வரிசையை மாற்றும் வேலையும் உண்டு. ஆர்பிட்ஸ் என்ற பயணத் தளம் மேக் கணினி வைத்திருப்போருக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டியது 2012இல் வெளியே வந்தது. ஒரே அறைக்கு விலை ஒன்றுதான், ஆனால் மலிவான அறை கீழே போய்விட்டது.

உங்கள் மகன் பார்த்தது பெரும்பாலும் வவுச்சர் என்னும் தள்ளுபடிச் சீட்டைக் கழித்த விலையாக இருக்கும். புதிய கணக்குக்கும் ரொம்ப நாளாக வாங்காத கணக்குக்கும் வவுச்சர் கொடுத்து இழுப்பது வழக்கம். அல்லது விற்பவரே வேறாக இருப்பார். ஒரே படம், ஒரே மாடல், கடை மட்டும் வேறு.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு பேரும் ஒரே விற்பனையாளரின் ஒரே மாடலைத் திறந்து, கணக்கிலிருந்து வெளியே வந்து பாருங்கள். முதலில் வீட்டு வைஃபை, அப்புறம் அதே கைப்பேசியில் டேட்டா. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். பிறகு இருவரும் கணக்கில் நுழைந்து, பணம் கட்டும் பக்கம் வரை போய், அனுப்பும் கூலியோடு வரும் மொத்தத்தை ஒப்பிடுங்கள். வாஷிங் மெஷின் மாதிரி கனமான சாமானுக்கு அந்தக் கூலிதான் முக்கியம். மகனுக்கு உண்மையிலேயே மலிவாகக் கிடைத்தால், அவரையே வாங்கி உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் முகவரியை மாற்றியதும் மொத்தம் கூடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில், கணினி உங்களை எடைபோட்டு விலை வைத்திருந்தால் அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்ற விதி 2022 மே 28 முதல் நடப்பில் இருக்கிறது. அதே கடமையை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலேசியாவில் நம்மிடம் இருப்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். விலையைப் பற்றித் தவறான எண்ணம் தரும்படி காட்டுவது அதன் 12ஆம் பிரிவின்படி குற்றம். 839 என்று காட்டிவிட்டு 899 பிடித்தால் திரையைப் படம் பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) அதோடு உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்யுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

கேள்வி: திருச்சிக்கு நான்கு பேருக்கு டிக்கெட் பார்த்தேன். இரவு மறுபடி பார்த்தால் விலை ஏறிவிட்டது. நான் தேடியதைக் கவனித்துத்தானே ஏற்றினார்கள்?

பதில்: விமான டிக்கெட்டில் காரணம் பெரும்பாலும் வேறு. ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவுக் கட்டு தீர்ந்ததும் அடுத்த கட்டு திறக்கும். பெருநாள் நேரத்தில் அது மணிக்கணக்கில் தீரும். இன்னொரு சங்கதி உங்களுக்கு நேரடியாக உதவும். மலிவு இருக்கை இரண்டுதான் மிச்சம் என்றால், நான்கு பேருக்குத் தேடும்போது பல நிறுவனங்களில் நால்வருக்குமே கூடிய விலை காட்டும். ஒருவருக்கு என்று தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் இரண்டு இரண்டாகப் பதியலாம். ஆனால் இரண்டு தனிப் பதிவுகள் ஆகிவிடும், சின்னப் பிள்ளைகளைப் பெரியவர் இல்லாத பதிவில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: விலை குறைய விபிஎன் வாங்கலாமா?

பதில்: விபிஎன் என்பது உங்கள் ஐபி எண்ணை மறைத்து, வேறு இடத்திலிருந்து வருவதுபோல் காட்டும் சேவை. இதற்காக மட்டும் அது வேண்டாம். கணக்கில் நுழைந்த நிமிடமே நீங்கள் யார் என்று கடைக்குத் தெரிந்துவிடும், ஐபி எண்ணை மறைத்துப் பயனில்லை. இலவச விபிஎன் என்றால் நீங்கள் போகும் தளங்களின் விவரமெல்லாம் யாரென்றே தெரியாத ஒரு நிறுவனத்தின் வழியாகப் போகும். வேறு நாட்டு விலையில் வாங்கினாலும் அட்டையில் நாணய மாற்றுக் கட்டணம் ஏறும்.