‘அறிவுசார் தொழில்’ சான்றிதழுக்கு 45,000 ரூபாய் கொடுக்கலாமா?

கோவை கணபதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்பது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம். ஃபவுண்டரிகளுக்கும் (உலோக வார்ப்பாலைகள்) பம்ப் தயாரிப்பாளர்களுக்கும் கணினியில் வடிவமைப்பு வரைபடம் செய்து தருகிறார்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரு சி.என்.சி. ரவுட்டர் (கணினி சொல்லும்படி வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) வாங்கி வைத்து, அந்த வரைபடத்தைக் கொண்டு பேட்டர்னும், அதாவது வார்ப்புக்கு அச்சு எடுக்கும் மாதிரி வடிவமும், செய்து கொடுக்கிறார்கள். சென்ற ஆண்டு விற்பனை ஒரு கோடி ரூபாய்; அதில் பேட்டர்ன் 60 லட்சம், வரைபடம் 40 லட்சம். இப்போது ஒரு ஆலோசகர் வந்து, “உங்களுடையது அறிவுசார் தொழில். அந்தப் பிரிவில் பதிவு செய்து சான்றிதழ் வாங்கித் தருகிறேன். மானியம் வரும், மின் கட்டணம் குறையும், செலவு 45,000 ரூபாய்” என்று சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா, எங்களுடையது உண்மையில் எந்த வகைத் தொழில் என்று கேட்கிறார் வாசகர்.

ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். இந்தியாவில் சிறு நிறுவனங்களைப் பதிவு செய்யும் உத்யம் படிவத்தில் ‘அறிவுசார் தொழில்’ என்ற கட்டமே கிடையாது. இல்லாத கட்டத்தில் உங்களை எப்படிப் பதிவு செய்வார்? அவர் கொண்டு வந்து தரப்போவது சாதாரண உத்யம் சான்றிதழ். அது இலவசம். 2020 ஜூலை 1 முதல் அப்படித்தான். ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே வீட்டிலிருந்து செய்யலாம். புதுப்பிக்க வேண்டிய தேவையும் இல்லை. இதற்கு ஆண்டுதோறும் ‘புதுப்பிப்புக் கட்டணம்’ கட்டி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஐந்தாறு ஆட்களை வைத்துப் பட்டறை நடத்தும் மனிதர். ஒவ்வோர் ஏப்ரலிலும் அவர் கட்டிய பணம் யார் பைக்குப் போனதோ! அரசு இணையதளத்தைப் போலவே நிறமும் சின்னமும் வைத்துக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் இன்றும் இருக்கின்றன. எந்தத் தனியார் அமைப்புக்கும் பதிவு செய்யும் அதிகாரம் இல்லை என்று சிறு தொழில் அமைச்சகமே சொல்லியிருக்கிறது. சொல்லி என்ன பயன், தேடினால் அந்தத் தளங்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

அப்படியானால் ‘அறிவுசார் தொழில்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? அது பொருளாதார அறிஞர்களும் புள்ளிவிவரக்காரர்களும் நாட்டின் பொருளாதாரத்தை அளப்பதற்காக வைத்துக்கொண்ட பெயர். ஃப்ரிட்ஸ் மாக்லுப் என்ற பொருளாதார அறிஞர் 1962-இல் அமெரிக்கப் பொருளாதாரத்தைக் கணக்கிட்டு, 1958-ஆம் ஆண்டின் மொத்த தேசிய உற்பத்தியில் சுமார் 29 சதவீதம் அறிவை உருவாக்குவதிலும் பரப்புவதிலும் கிடைக்கிறது என்றார். கல்வி, ஆராய்ச்சி, ஊடகம், தகவல் இயந்திரங்கள், தகவல் சேவைகள் ஆகிய ஐந்தும் அவர் கணக்கில் வந்தன. பிறகு பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி., ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதை வைத்து உற்பத்தித் தொழில்களை உயர், நடுத்தர, தாழ் தொழில்நுட்பம் என்று அடுக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் இன்னொரு அளவுகோலையும் வைத்திருக்கிறது: ஒரு துறையில் வேலை செய்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்கல்வி படித்தவர்களாக இருந்தால் அது அறிவு மிகுந்த செயல்பாடு.

மூன்று அளவுகோல், மூன்று பட்டியல். எந்தப் பட்டியலும் ஒரு தனி நிறுவனத்துக்குச் சான்றிதழ் தருவதற்காகச் செய்யப்பட்டதில்லை. யூரோஸ்டாட்டின் அறிவு மிகுந்த சேவைகளின் பட்டியலில் பொறியியல் வடிவமைப்பு அடங்கிய 71-ஆம் பிரிவு இருக்கிறது; அந்தக் கணக்கில் நீங்கள் உள்ளே. ஆனால் அதே பட்டியலில் 80-ஆம் பிரிவும் இருக்கிறது. அது காவலாளிகளை அனுப்பும் பாதுகாப்பு நிறுவனங்களின் பிரிவு. உங்கள் வாடிக்கையாளரான ஃபவுண்டரியோ, உலோகத் தொழில் என்பதால் நடுத்தரத்திலும் கீழ்ப்பாதியில் நிற்கிறது. அங்கே உருகிய இரும்பின் சூட்டையும் கலவையையும் கண்ணால் பார்த்தே சொல்லும் மேஸ்திரியின் அறிவு எந்தக் கணக்கிலும் ஏறாது. இன்னும் ஒன்று பாருங்கள். இன்று உங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் பொறியாளர், பம்புக்குள் சுழலும் பாகமான இம்பெல்லருக்கு வரைபடம் போடுகிறார். அவர் அறிவுசார் சேவையில் இருக்கிறார். நாளை அவரையே ஃபவுண்டரி முதலாளி சம்பளம் உயர்த்தித் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறார். அதே மென்பொருள், அதே இம்பெல்லர், அதே கை. ஆனால் கணக்கில் அவர் இனி உலோகத் தொழில். நிறுவனத்தைத்தான் வகைப்படுத்துகிறார்கள், வேலையை வகைப்படுத்துவதில்லை. இது தெரிந்துவிட்டால் அந்தப் பெயரின் மேல் இருக்கும் மயக்கம் போய்விடும்.

உங்களுக்குக் காரியம் ஆவது வேறோர் எண்ணால். தேசியத் தொழில் வகைப்பாடு 2008 என்று ஒரு பட்டியல் இருக்கிறது. உத்யம் படிவத்தில் உங்கள் தொழிலுக்குக் கேட்பது இந்தப் பட்டியலின் ஐந்து இலக்க எண்ணைத்தான். முதல் இரண்டு இலக்கம் பிரிவைக் காட்டும், மற்றவை அதற்குள் நுணுகிப் போகும். ஆலோசகர்கள் உங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாக 62-இல் தொடங்கும் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். 62 என்பது கணினி நிரல் எழுதுபவர்களுக்கும் கணினி ஆலோசகர்களுக்கும் உரியது. கணினியில் உட்கார்ந்து வேலை செய்வதால் ஒரு தொழில் கணினித் தொழில் ஆகிவிடாது. அப்படிப் பார்த்தால் ஆடிட்டர் அலுவலகமும் 62 தான். இன்னும் சிலர் ‘வடிவமைப்பு’ என்ற சொல்லைப் பார்த்ததும் 7410-ஐப் போடுகிறார்கள். ஆடை, அறைகலன், வீட்டு உள் அலங்காரம் ஆகியவற்றின் தோற்றத்தை வடிவமைப்பவர்களுக்கானது அது. இயந்திரத்தையும் அதன் பாகங்களையும் பொறியியல் விதிகளின்படி வடிவமைப்பது 7110-இல் வருகிறது. இந்திய வகைப்பாட்டுக்கு அடிப்படையாக இருக்கும் ஐ.நா.வின் வகைப்பாடே, பொறியியல் வடிவமைப்பை 7410-இல் சேர்க்காதே, 7110-க்குப் போ என்று வெளிப்படையாகச் சொல்கிறது. உங்கள் வரைபட வேலைக்கு எண் 71100.

இனி உங்கள் ரவுட்டருக்கு வருகிறேன். உங்கள் நிலைமை மற்றவர்களுடையதைப் போல் இல்லை என்பதால் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வரைபடம் மட்டும் கொடுத்திருந்தால் நீங்கள் சேவை நிறுவனம், முடிந்தது கதை. பேட்டர்னையும் செய்து விற்பதால் உற்பத்தியும் செய்கிறீர்கள். இந்த இடத்தில்தான் ஆலோசகர்கள் வந்து, “இரண்டு நிறுவனம் தொடங்குங்கள், இரண்டு உத்யம் எடுங்கள், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம்” என்பார்கள். தேவையே இல்லை. ஒரு நிறுவனம் ஒன்றுக்கு மேல் உத்யம் பதிவு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. உற்பத்தி, சேவை இரண்டையும் எத்தனை வேண்டுமானாலும் அந்த ஒரே பதிவில் சேர்க்கலாம் என்று அதே விதி சொல்கிறது. பேட்டர்னுக்கு உரிய உற்பத்தி எண்ணையும் 71100-ஐயும் ஒரே பதிவில் போடுங்கள்.

சரி, முதன்மைத் தொழில் எது என்று படிவம் கேட்குமே? பேட்டர்ன் 60 லட்சம், வரைபடம் 40 லட்சம், ஆகவே உற்பத்திதான் முதன்மை என்று எல்லாரும் சொல்வார்கள். வகைப்பாட்டு முறை விற்பனையைப் பார்ப்பதில்லை. நீங்கள் சேர்க்கும் மதிப்பைப் பார்க்கிறது. உங்கள் கணக்குப் புத்தகத்தைத் திறங்கள். 60 லட்சம் பேட்டர்ன் விற்க மரம், அலுமினியம், ரெசின், வெளியில் கொடுத்த கடைசல் வேலை என்று எவ்வளவு போனது? நீங்கள் எழுதவில்லை, 42 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 18 லட்சம். 40 லட்சம் வரைபடத்துக்கு வெளியிலிருந்து வாங்கியது மென்பொருள் சந்தா, மின்சாரம், இணையம் எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 34 லட்சம். ஒன்பது பேரின் சம்பளத்தை இதில் கழிக்கக் கூடாது. சம்பளம் நீங்கள் சேர்த்த மதிப்பின் பகுதி. 34 பெரிதா, 18 பெரிதா? உங்கள் முதன்மைத் தொழில் சேவை. உங்கள் உண்மையான எண்களைப் போட்டு இதே கழித்தலைச் செய்துபாருங்கள். ஒருவேளை உற்பத்திப் பக்கம் கூடுதலாக வந்தால் அதையே முதன்மையாகக் காட்டுங்கள். அந்தத் தாளைக் கோப்பில் வைத்திருங்கள். நாளை யாராவது கேட்டால் அந்த ஒரு தாள் போதும்.

மானியம் வேண்டும் என்பதற்காக மட்டும் உற்பத்தியை முதன்மையாகக் காட்டச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மானியம் எதுவும் உத்யம் எண்ணைப் பார்த்துத் தானாக வந்து விழுவதில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி விண்ணப்பம், தனித் தகுதி, தனி ஆய்வு. பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கும் இடம் இருக்கிறது. உற்பத்திக்கு 50 லட்சம் வரை, சேவைக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. ஆனால் அது புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. மின் கட்டணமும் அப்படியே. மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணையில் உங்கள் வேலை எந்த வகையில் வருகிறதோ அதுதான் கட்டணம். உத்யம் சான்றிதழை மட்டும் காட்டி அதை மாற்றிவிட முடியாது. ஜி.எஸ்.டி.யில் போடும் சேவைக் குறியீடும் வேறு பட்டியல். தொழில்நுட்பச் சேவைகளுக்கு அங்கே 9983. இதையும் அதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரே தொழிலுக்கு ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வோர் எண் வைத்திருப்பது யாருக்கு வசதி என்று எனக்கு இத்தனை ஆண்டுகளாகியும் புரியவில்லை. இடைத்தரகர்களுக்கு வசதி என்பது மட்டும் தெரிகிறது.

ஆலோசகர்கள் போடும் இன்னொரு தவறான எண், எனக்குத் தெரிந்து மிக ஆபத்தானது. படிவத்தைச் சீக்கிரம் முடிப்பதற்காக 45, 46, 47-இல் தொடங்கும் வணிக எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். வியாபாரிகளும் உத்யமில் பதியலாம் என்று 2021 ஜூலையில் அனுமதித்தார்கள். ஆனால் வங்கிகள் முன்னுரிமை கொடுத்துத் தரும் கடன் என்ற ஒரே சலுகைக்காக மட்டும். நீங்கள் வியாபாரி என்று பதிவானால், சிறு நிறுவனத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு கையை விட்டுப் போகும்.

அது நிலுவைத் தொகைப் பாதுகாப்பு. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் எந்தத் தவணை போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவணையே எழுதவில்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதம்தோறும் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்றும் வந்துவிட்டது. உங்கள் வாடிக்கையாளரின் ஆடிட்டரே மார்ச் மாதம் உங்கள் பில்லைத் தேடுவார். வரைபடம் அனுப்பிய பிறகு, “இன்னும் வார்ப்பு வரவில்லை, வந்ததும் தருகிறேன்” என்று ஆறு மாதம் இழுப்பது உங்கள் தொழிலில் சாதாரணம் என்பது எனக்குத் தெரியும். பொருளாக இருந்தால் லாரியைத் திருப்பிக் கூப்பிடலாம். மின்னஞ்சலில் போன வரைபடத்தை எப்படித் திரும்ப வாங்குவது? மற்றவர்களைவிட உங்களுக்கு இந்தச் சட்டம் அதிகம் தேவை. அதற்கு வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். உத்யம் எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருக்க வேண்டும். பணம் வராவிட்டால், இந்த நிலுவை வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம், கோவையிலும் ஒன்று இருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது வேறோர் இடத்தில். குறு, சிறு, நடுத்தரம் என்று பிரிக்கும்போது முதலீட்டையும் விற்பனையையும் பார்க்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இரண்டரைக் கோடி முதலீடு, பத்துக் கோடி விற்பனை வரை குறு நிறுவனம். நீங்கள் அதற்குள் தாராளமாக வருகிறீர்கள். அந்த முதலீட்டில் தொட்டுப் பார்க்கக்கூடிய சொத்து மட்டும்தான் சேரும். உங்கள் ரவுட்டர் சேரும், கணினி சேரும். பத்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த வரைபடக் களஞ்சியத்துக்குக் கணக்கில் ஒரு வரி கூட இல்லை. வங்கிக்குப் போனாலும் இயந்திரக் கொட்டேஷன் எங்கே என்றுதான் கேட்பார்கள். மேடையில் அறிவுப் பொருளாதாரம் என்று முழங்குபவர்கள் முதலில் இந்தப் படிவத்தைத் திருத்தட்டும். அதுவரை, பிணையில்லாக் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் கடன் உத்தரவாத நிதியத்தின் காப்பு சேவை நிறுவனங்களுக்கும் உண்டு என்பதை உங்கள் வங்கி மேலாளரிடம் நீங்களே சொல்லிக் கேளுங்கள். அவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த ஆலோசகரிடம் ஆதார் எண்ணும் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றே உத்யம் தளத்தில் உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சான்றிதழில் மூன்று இடங்களைப் படியுங்கள்: கைப்பேசி எண், மின்னஞ்சல், தொழில் எண். தன்னுடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுக்கொள்வது இவர்கள் வழக்கம். பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும், நீங்கள் ஒவ்வொரு முறையும் பணத்தோடு போய் நிற்க வேண்டும். அப்படி இருந்தால் அவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்காமல், ஆதாரையும் பான் அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராக மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பதிவில் உதவுவது அவர்கள் பொறுப்பு, அதற்கும் கட்டணம் இல்லை.