ஜெனரேட்டர் இணைப்புக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் பகுதியில் வரிசைத் தரைவீடு ஒன்றில் வசிக்கிறோம். அம்மாவுக்கு ஆக்ஸிஜன் செறிவூட்டி இரவும் பகலும் ஓட வேண்டியிருக்கிறது. அண்மையில் ஓர் இரவு எங்கள் வீட்டில் மட்டும் மின்சாரம் நின்றுபோனதில் பதறிவிட்டோம். பின்சுவரில் ஜெனரேட்டர் இணைப்பும் மின்பெட்டி அருகே மாற்று சுவிட்சும் பொருத்தித் தருவதாகப் புதுப்பிப்புக் குத்தகையாளர் ஒருவர் சொல்கிறார். உரிமம் எதுவும் தேவையில்லை என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். கையில் தூக்கிச் செல்லும் சிறிய ஜெனரேட்டருக்கு மின் உற்பத்தி உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான். அந்த உண்மையைக் காட்டித்தான் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார். வீட்டின் நிலையான கம்பியமைப்பைத் தொட வேண்டுமானால், எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் அதைச் செய்ய வேண்டும். 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரையிலான வீட்டு வேலைக்கு எலெக்ட்ரீஷியன் நிலை உரிமமே போதும். பொறியாளர் தேவை என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்பவரையும் ஒதுக்கிவிடுங்கள். உரிமம் பெற்றவர்களின் பெயர்களை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் பெயர் கிடைத்துவிட்டதாலேயே நிம்மதி அடைய முடியாது என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். குத்தகையாளரின் ஆட்கள் வேலையை முடித்துவிடுவார்கள். உரிமம் வைத்திருப்பவர் வீட்டுப்பக்கம் வராமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். இப்படிக் கையெழுத்தை வாடகைக்கு விடும் பழக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். எங்கே விசாரித்தாலும் "உரிமம் பெற்றவரை அணுகுங்கள்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் நேரில் வந்தாரா என்பதைச் சரிபார்க்கும் சுமை உங்கள் தலையில் விழுகிறது. ஆகவே, உரிமத்தில் பெயர் உள்ளவரே உங்கள் வீட்டுக்கு வந்து மின்பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரு முனைகளிலும் ஆண் பிளக் உள்ள கம்பியைச் சுவர் செருகியில் மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால், அவரை அத்துடன் அனுப்பிவிடுங்கள். ஒரு முனை கழன்றாலே உயிர்மின்சாரம் உள்ள ஊசிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரதான சுவிட்சை அணைக்க மறந்தால், உங்கள் வீட்டு மின்சாரம் தெருவுக்கு எதிர்த்திசையில் பாய்ந்து, மின்மாற்றியின் மறுபுறத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, பழுதுபார்க்க வந்த ஊழியரின் உயிரையே பறிக்கக்கூடும். மாற்று சுவிட்சின் வேலை இதைத் தடுப்பதுதான்: 1, 0, 2 என்ற நிலைகள் கொண்ட அந்தச் சுவிட்ச், ஒரு மின்வழியை முழுவதும் துண்டித்த பிறகே மற்றொன்றை இணைக்கும். ஒன்றையொன்று பூட்டாத இரண்டு எம்சிபிகளை (மின்பெட்டியிலுள்ள தானியங்கித் துண்டிப்பு சுவிட்சுகளை) பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஒன்றை இறக்கிவிட்டு மற்றதை ஏற்றுங்கள்" என்று சொல்வது மாற்று சுவிட்ச் ஆகாது.

இனி, பெரும்பாலோர் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு மின்பெட்டியிலுள்ள ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் துண்டிப்பான், லைவ் கம்பியில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கசிந்த மின்சாரம் மண் வழியாக அதன் மூலத்துக்குத் திரும்ப ஒரு பாதை இருந்தால்தான் அந்த வித்தியாசம் உண்டாகும். தெருவிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அந்தப் பாதை துணைமின்நிலையத்தில் இருக்கிறது. கையடக்க ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதக்கிறது. அவற்றுக்குப் பாதையே இல்லை. ஒரு சாதனத்தில் கசிவு ஏற்பட்டாலும் ஆர்சிசிபி அசையாது, உங்களுக்கும் தெரியாது. வேறோர் இடத்தில் இரண்டாவது பழுது வரும்போதுதான் அது உயிருக்கு ஆபத்தாக மாறும்.

குத்தகையாளர் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தி, "டக்" என்று விழுவதைக் காட்டி உங்களைச் சமாதானப்படுத்துவார். அந்தப் பொத்தானுக்கு எர்த் கம்பியே தேவையில்லை. எர்த் இணைப்பு அறவே இல்லாத வீட்டிலும் அது விழும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, செருகியில் சோதனைக் கருவியை மாட்டி, லைவுக்கும் எர்த்துக்கும் இடையே சோதித்து ஆர்சிசிபி விழுவதைக் காட்டச் சொல்லுங்கள். விழாவிட்டால், ஜெனரேட்டரின் கையேட்டைப் பார்த்து அதன் நியூட்ரலை வீட்டு எர்த்தோடு ஆர்சிசிபிக்கு முன்பாகவே இணைக்க வேண்டும். அந்த இணைப்பு தெரு மின்சாரத்தின் நியூட்ரலோடு ஒருபோதும் சேரக்கூடாது என்பதால், மாற்று சுவிட்ச் லைவோடு நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பதாக இருக்க வேண்டும். ஒற்றை ஃபேஸுக்கு இரண்டு துருவம், மூன்று ஃபேஸுக்கு நான்கு துருவம் என்று விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

பின்சுவர் இணைப்பு நீலநிறத் தொழிற்சாலை வகையாக, மூடியுடன், ஊசிகள் உள்ளே அடங்கியதாக இருக்கட்டும். 16 ஆம்பியர் இணைப்பின் வழியே 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3.7 கிலோவாட்தான் வரும். செறிவூட்டி, குளிர்பதனப் பெட்டி, சில விளக்குகள் ஆகியவற்றுக்கு அது தாராளம். சுடுநீர்க் கொதிகலனை அதில் சேர்க்காதீர்கள்.

ஜெனரேட்டர் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு, சன்னல்களிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். அண்டை வீட்டுச் சன்னலும் இதில் அடக்கம். வரிசைவீட்டுக் கொல்லையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். இல்லையென்றால் இந்தத் திட்டத்தையே கைவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் "எங்கள் வீட்டில் மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பழுது பெரும்பாலும் உங்கள் மின்பெட்டியிலோ ஏதாவது ஒரு சாதனத்திலோதான் இருக்கும். அதே மின்பெட்டிக்கு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அந்தப் பழுதுக்குத்தான் கொடுப்பீர்கள். 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் சிங்கப்பூரில் சுமார் 1,47,000 வாடிக்கையாளர்களைப் பாதித்த பெரிய மின்தடைகூட 38 நிமிடங்களில் சரியானது. எனவே, அழைக்கும் மின்பணியாளரிடம் முதலில் அன்றிரவுப் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை இழுத்து வைத்துக் கிளப்பவே சில நிமிடங்கள் ஆகும் என்பதால், அம்மாவின் மருத்துவரிடம் பேசி, கட்டிலருகே வைக்க மாற்று ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றுக்கு இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள்.